புரட்டாசி முழுக்க ஃப்ரீசரில் இருந்த கறி

புரட்டாசிக்கு முந்தின ஞாயிறு எங்கள் பெங்களூர் அல்சூர் பக்கம் கறிக்கடையில் நிற்க இடம் இருக்காது. போன வருஷம் ‘பன்னூர் குறி’ (பேர்போன பன்னூர்ச் செம்மறியாடு; கன்னடத்தில் குறி என்றால் செம்மறி) என்று பாய் சொன்னதும் வீட்டுக்காரர் கணக்குப் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டார். பாதிக்கு மேல் ஃப்ரீசருக்குத்தான்.

காலையில் அறுத்ததை உடனே உறைய வைக்காதீர்கள் என்றார் பாய். அறுத்த பிறகு தசை இறுகி, அப்புறம்தான் தளரும். அதற்கு முன்பே உறைந்துவிட்டால் உருகும்போது சுருங்கி, எத்தனை விசில் விட்டாலும் கடிபடாது. அதனால் ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், மூடிய டப்பாவில். கீழே இருந்தால் ரத்தத் தண்ணீர் தயிரில் சொட்டாது. மறுநாள் கழுவாமலே (ஈரம் இருந்தால் ஐஸ் கட்டும்) அரைக் கிலோவாகக் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றி, சப்பட்டையாகத் தட்டி அடுக்கினேன். ஈரலை மட்டும் அன்றைக்கே மிளகு போட்டு வறுத்தாயிற்று. மைனஸ் 18 டிகிரியில் துண்டுக்கறி 6 மாதத்துக்கு மேலும் தாங்கும். கொத்துக்கறி 3, 4 மாதம்தான்.

பெருமாள் மாசத்தில் கறியா என்று மாமியார் ஃப்ரீசர் கதவையே தொடவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. ஒரு ராத்திரி மழையில் போன கரண்ட் மறுநாள் மத்தியானம்தான் வந்தது. திறக்காத ஃப்ரீசர், நிறைய இருந்தால் 48 மணி நேரம், பாதி இருந்தால் 24 மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும். பாக்கெட்டுகள் நடுவில் ஐஸாகவே இருந்தன, அப்படியே விட்டேன். முழுக்க இளகிச் சூடேறியிருந்தால் குப்பைக்குத்தான். மோந்து பார்த்து முடிவு செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. குளிர் கிருமியைக் கொல்லாது, வளரவிடாமல் நிறுத்திவைக்கும், அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு ஆஸ்டின் டவுனிலிருந்து ஒருவர் எழுதியது:
அக்கா, இளக்குவதைப் பற்றிச் சொல்லவில்லையே? எங்கள் வீட்டில் காலையில் சிங்கில் போட்டுவிட்டு ஆபீஸ் போவார்கள். சாயங்காலம் பார்த்தால் வெளியே வெதுவெதுப்பு, நடுவில் ஐஸ். இப்போது முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுகிறேன். அவசரமென்றால் கவரோடு பச்சைத் தண்ணீரில், அரை மணிக்கொரு தரம் தண்ணீரை மாற்றி. அப்படி இளக்கியதைச் சமைக்காமல் திரும்ப உள்ளே வைப்பதில்லை.

அல்சூரிலிருந்து என் பதில்:
சரிதான்ம்மா. ஓரம் சாம்பலாகக் காய்ந்த துண்டு வந்தால் பயப்படாதே. காற்றுப் பட்டு ஈரம் போனது, கெட்டதில்லை. அதை மட்டும் நறுக்கி எறிந்துவிட்டு மீதியைக் குழம்பில் போடு. பிரியாணிக்கு ஆகாது.