தந்துகியில் ரத்தம் உள்ளேயே இருக்க, சத்து மட்டும் வெளியே போவது எப்படி?

கேள்வி:
தந்துகியின் (மிக நுண்ணிய ரத்தக்குழாய்) தமனி முனையில் நீர் வெளியேறி, சிரை முனையில் திரும்ப உள்ளே வருகிறது என்று படித்திருக்கிறேன். குளுக்கோஸும் அந்த நீரோடுதான் திசுவுக்குப் போகிறதா? அல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைந்தால் கால் வீங்குவது ஏன்?

பதில் 1:
இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். குளுக்கோஸ் அந்த நீரோட்டத்தை நம்பி இல்லை. ரத்தத்தில் செறிவு அதிகம், திசுவில் குறைவு. அந்த வித்தியாசத்திலேயே சுவர் செல்களுக்கு நடுவிலுள்ள இடுக்கு வழியாகப் பரவிவிடும். ஆக்சிஜனுக்கு இடுக்கும் தேவையில்லை, செல் சவ்வையே கடந்துவிடும். சிவப்பணுவின் அகலம் 7–8 மைக்ரோமீட்டர். பல தந்துகிகள் அதைவிடக் குறுகல் என்பதால் உடலை வளைத்து ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நுழையும். ரத்தம் உள்ளே இருப்பது ஓரிரு விநாடி. கடக்க வேண்டிய தூரம் மிகக் குறைவு, அதனால் அதுவே போதும். மூளையில் மட்டும் இடுக்குகள் இறுக மூடியிருக்கும். அங்கே குளுக்கோஸைக் கடத்தத் தனிப் புரதம் உண்டு.

நீரின் கணக்கு வேறு. வெளியே தள்ளும் அழுத்தம் தமனி முனையில் சுமார் 35 மி.மீ. பாதரசம், சிரை முனையில் 15. பிளாஸ்மா புரதங்கள் உள்ளே பிடித்திழுப்பது சுமார் 25, பெரும்பங்கு அல்புமினுடையது. டெசிலிட்டருக்கு 3.5–5 கிராம் இருக்க வேண்டிய அல்புமின் 2-க்குக் கீழே போனால் பிடி தளர்கிறது; வெளியேறும் நீர் கூடி வீக்கம் வருகிறது.

பதில் 2:
கணக்கு சரி, ஆனால் அது 1896-இல் ஸ்டார்லிங் போட்ட அடித்தளத்தின் மேல் எழுந்த பழைய படம். பெரும்பாலான திசுக்களில் சிரை முனையிலும் நீர் மெல்ல வெளியேதான் கசிகிறது. சுவரின் உட்புறம் கிளைக்கோகேலிக்ஸ் என்ற மெல்லிய படலம் இருக்கிறது. இழுவிசையைத் தீர்மானிப்பது அதன் அடியிலுள்ள புரத அளவு. கசிந்த நீரை ரத்தத்தில் சேர்ப்பது நிணநீர் நாளங்கள். குடலும் சிறுநீரகமும் விதிவிலக்கு, அங்கே தந்துகியே நீரை உள்ளே இழுக்கும். வீக்கத்துக்கு அல்புமினை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்: சிறுநீரில் புரதம் போகும் நோயில் சிறுநீரகம் உப்பைத் தேக்குவதும் பெரிய காரணம்.

கேட்டவர்:
நன்றி. கொழுப்பும் இதே வழியா?

பதில் 3:
இல்லை. குளுக்கோஸும் அமினோ அமிலமும் குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியே கல்லீரலுக்குப் போகும். நீள்சங்கிலிக் கொழுப்பு கைலோமைக்ரான் உருண்டையாகிறது. தந்துகி இடுக்குக்கு அது மிகப் பெரிது. நிணநீரில் ஏறி, மார்பு நாளம் வழியாக இடது கழுத்தடியில் சிரையில் கலக்கும். அந்த நாளம் கிழிந்தால் நெஞ்சுக்கூட்டில் பால்போன்ற நீர் சேரும். அப்போது நடுச்சங்கிலிக் கொழுப்பு கொடுப்பதற்குக் காரணம், அது பெரும்பாலும் போர்ட்டல் சிரையிலேயே போய்விடும் என்பதுதான்.