உபுண்டு சேர்வர் நிறுவப்போய்ப் பட்டவை: உங்கள் அனுபவம் என்ன?

திருமலைக்காரன்
மத்திய வீதியில் ஒரு கடை. நிறுவப் போனது உபுண்டு சேர்வர் 24.04, சேவையகக் கணினிக்கான இயங்குதளம். மொழி, விசைப்பலகை, வலையமைப்பு எல்லாம் மளமளவென்று தாண்டியாயிற்று. பெட்டிக்குள் இரண்டு வன்தட்டுகள். ஒரே தயாரிப்பு, இரண்டும் 1 டெராபைட். தொடரெண் மட்டுந்தான் வேறு. பழையதில் கடைக்கணக்கு. திரைப் பட்டியலில் மேலே இருப்பது புதியது என்று நானாக நினைத்துக்கொண்டேன். தட்டில் உள்ளதெல்லாம் அழியும், தொடரலாமா என்று கேட்டது. அந்த நேரம் முதலாளி பிளேன்டீயை நீட்டினார். இடக்கையால் வாங்கிக்கொண்டே வலக்கையால் அழுத்திவிட்டேன். ஒரு மிடறு குடித்த பிறகுதான் மேசையில் கிடந்த புதுத் தட்டின் உறை கண்ணில் பட்டது. அதிலிருந்த தொடரெண் திரையில் இருந்ததல்ல. "முடிந்ததா தம்பி?" என்றார். இப்போதும் அந்தக் கடையைக் கண்டால் வீதியின் மறுபக்கத்தால் போகிறேன்.

உப்புவெளி
தேநீரில் பழி போடாதீர்கள். நிறுவும் முன் பழைய தட்டின் வடத்தைக் கழற்றிவைக்க வேண்டும். கழற்ற முடியாவிட்டால் தொடரெண்ணைத் தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். தரவிறக்கிய நிறுவல் கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று அதன் சரிபார்ப்புத் தொகையையும் பாருங்கள். இன்னொன்று: தட்டின் இடத்தைப் பகுதிகளாகப் பங்கிடும் எல்விஎம் தெரிவை அப்படியே விட்டால் 1 டெராபைட் தட்டிலும் இயங்குதளம் உட்காரும் மூலப் பகுதிக்கு 100 ஜிபிதான் கிடைக்கும். மிச்சம் சும்மா கிடக்கும். எனக்கு அது தெரியவந்தது இடம் நிரம்பித் தரவுத்தளம் நின்றபோது.

கிண்ணியாக்கரை
உப்புவெளி அண்ணா, அவர் கேட்டது ஆலோசனையா? பூட்டிய பெட்டியில் எந்த வடத்தைக் கழற்றுவது?

என் கதை இது. தொலைவிலிருந்து சேர்வருக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் கட்டத்தில் புள்ளடி போட மறந்து, பாலம் தாண்டி வீட்டுக்கு வந்துவிட்டேன். இணைப்பு மறுக்கப்பட்டது. இரவு ஒன்பது மணி. சேர்வர் இருந்த இடத்துக் காவலாளி ஐயாவுக்கு, அதை நிறுவும் கட்டளையைத் தொலைபேசியில் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். கடவுச்சொல்லில் நின்றுவிட்டார். "அழுத்துகிறேன், திரையில் ஒன்றும் விழவில்லையே தம்பி." விழாது ஐயா, அழுத்துங்கள் என்றேன். "விழாததை எப்படி நம்புவது?" நான்கு தடவை அழித்து அழித்து அடித்தார், பாவம். பதினொரு மணிக்கு வீட்டிலிருந்தே சேர்வருக்குள் போனேன்.

திருமலைக்காரன்
காப்புப் பிரதி இருந்ததா என்று இருவருமே கேட்கவில்லை. இருந்தது. அதே தட்டில், வேறொரு கோப்புறையில்.