மேஷ் தொடரில் ஆபரேஷன் காட்சிகளுக்கு மட்டும் சிரிப்பொலி இல்லையே, ஏன்?

இரவுக்கிளி:
மேஷ் தொடரை முதல் சீசனிலிருந்து பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். கொரியப் போரில் அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றின் கதை. கூடாரத்துக்குள் யார் வாயைத் திறந்தாலும் பின்னணியில் ஒரு கூட்டம் சிரிக்கிறது. அதே டாக்டர்கள் ஆபரேஷன் மேசையில் நின்றுகொண்டு அதே நக்கலைப் பேசினால் கப்சிப். என் பிரதியில் ஒலிக் கோளாறா, வேண்டுமென்றே செய்ததா? எழுத்து லாரி கெல்பார்ட் என்று வருகிறது. யார் இவர்?

வசனப்பேனா:
கோளாறு இல்லை, மல்லுக்கட்டி வாங்கியது. காமெடித் தொடர் என்றால் சிரிப்பொலி இருந்தே தீர வேண்டும் என்றது தொடரை ஒளிபரப்பிய சிபிஎஸ் டிவி நிறுவனம். கெல்பார்ட்டுக்கும் தயாரிப்பாளர் ஜீன் ரெனால்ட்ஸுக்கும் அதில் துளியும் இஷ்டமில்லை. கடைசியில் ஆபரேஷன் அறையையாவது விட்டுவிடுங்கள் என்று பேசி முடித்தார்கள்.

நானும் கொஞ்ச காலம் டிவிக்கு காமெடி எழுதியவன். எந்த வரிக்குச் சிரிப்பு என்பதை எடிட்டிங்கில் ஒருவர் பட்டனை அமுக்கி முடிவு செய்வார். நான் பாடுபட்டுக் கட்டிய ஜோக்குக்கு மயான அமைதி. "உட்காருங்க, வந்துடறேன்" என்ற வசனத்துக்கு வெடிச்சிரிப்பு. ஆகவே கெல்பார்ட் மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு.

ஆள் 1928இல் சிகாகோவில் பிறந்தவர். அப்பா முடிதிருத்துபவர். லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்த பிறகு, டேனி தாமஸ் என்ற நகைச்சுவை நடிகருக்கு முடிவெட்டும்போது, தன் பையன் பிரமாதமாக எழுதுவான் என்று அளந்துவிட்டார். பதினாறு வயதில் பையன் ரேடியோவுக்கு எழுத உட்கார்ந்துவிட்டான். கத்தி கையில் இருக்கும்போது சிபாரிசு செய்தால் யார் மறுப்பார்கள்?

அப்புறம் பாப் ஹோப் என்ற இன்னொரு நகைச்சுவை நடிகரிடம் வேலை. அவரோடு போர் நடக்கும்போதே கொரியாவுக்குப் போய்வந்திருக்கிறார். 1950களில் சிட் சீசர் என்ற காமெடி நடிகரின் டிவி நிகழ்ச்சி. மெல் ப்ரூக்ஸ், நீல் சைமன் எல்லாம் அங்கே சக எழுத்தாளர்கள். மேஷ் தொடங்கியது 1972இல். தொடர் 1983 வரை ஓடினாலும் இவர் நான்கு சீசனோடு விலகிவிட்டார்.

பழைய ஆன்டெனா:
பிபிசியில் சிரிப்பொலியை எடுத்துவிட்டுத்தான் போட்டார்கள். டிவிடியிலும் அது இல்லாத ஒலித்தடம் உண்டு. ஆனால் ஒன்று, முதல் சீசனில் சில எபிசோடுகள் அது இல்லாமல் தள்ளாடும். பஞ்ச் வசனம் முடிந்ததும் நடிகர்கள் யாருக்காகவோ காத்திருப்பது போலவே தோன்றும்.

வசனப்பேனா:
இருக்கும். முதல் சீசன் பாதிக்கு மேல் வழக்கமான பட்டாளத்துக் கூத்துதானே. மூன்றாவது சீசனின் கடைசி எபிசோடு வரட்டும். அதன் முடிவுக் காட்சிக்கான பக்கத்தை கெல்பார்ட் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். மற்ற காட்சிகளையெல்லாம் எடுத்து முடித்த பிறகுதான் நடிகர்கள் கையில் கொடுத்தார். ரேடார் என்ற முகாம் குமாஸ்தா ஆபரேஷன் அறைக்குள் வந்து ஒரு செய்தியை வாசிக்கிறான், அவ்வளவுதான் காட்சி. என்ன செய்தி என்று சொல்ல மாட்டேன். வாசித்து முடித்ததும் எங்கோ ஒரு கருவி கீழே விழும் சத்தம் கேட்கும். அது எழுதியதல்ல; யாரோ கைதவறிப் போட்டது. வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். மூன்று சீசனாக அந்த அறையில் யாரும் சிரித்ததில்லை என்பதால் அந்தச் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்கிறது. ஒளிபரப்பானதும் கோபமாகக் கடிதங்கள் வந்து குவிந்தன.

இரவுக்கிளி:
நன்றி. சிரிப்பொலி இல்லாத தடத்துக்கு மாறிவிட்டேன். நான் மூன்றாவது சீசனை முடிக்கும்வரை அந்தச் செய்தி என்ன என்று இங்கே யாரும் உளறிவிடாதீர்கள்.

பழைய ஆன்டெனா:
நாங்கள் உளற மாட்டோம். நீங்கள் விக்கிப்பீடியா பக்கம் போகாமல் இருந்தால் சரி.