மறு: 'பில்டு சிஸ்டம்' – தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்குள் வேண்டும்)

அனைவருக்கும் வணக்கம்.

ஆண்ட்ராய்டின் திறமூல நிரலை இறக்கி, நாமே உருவாக்கிப் பழைய போன் ஒன்றில் ஏற்றுவது எப்படி என்ற வழிகாட்டியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கல்லூரிப் பயிலரங்குக்கு அச்சாக வேண்டும். 'பில்டு' என்ற சொல்லில் நின்றுவிட்டேன். ஆங்கிலத்தில் அது மூன்று வேலை பார்க்கிறது: மூலநிரலிலிருந்து இயங்குதளத்தை ஆக்கும் செயல், அப்படி ஆகி வருவது, அதாவது டெவலப்பர் வசதிகளைத் திறக்க ஏழு முறை தட்டுகிறோமே, அந்த 'பில்டு எண்', இதையெல்லாம் நடத்தும் ஏற்பாடு. 'தொகுப்பு' என்று போட முடியாது, அதைக் கம்பைலுக்கு, அதாவது மூலநிரலை எந்திர மொழிக்கு மாற்றுவதற்கு, கொடுத்தாயிற்று. கம்பைல் ஒரு படிதான். இணைப்பது, கையொப்பமிடுவது, படிமக் கோப்பாக்குவது எல்லாம் அப்புறம் வருகின்றன. 'உருவாக்கம்' என்றால் மென்பொருள் எழுதுவதோடு குழம்பும்.

– மொழிபெயர்ப்பாளர், கோவை

----

அன்புள்ள தங்கைக்கு,

சொல் நம்மிடமே இருக்கிறது. வழிநூல் நான்கு வகை என்று மரபியலில் தொல்காப்பியர் சொல்கிறார்: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல். தொகுத்தலைக் கம்பைலுக்கு எடுத்துக்கொண்டோம். யாத்தலை ஏன் விட்டோம்? மூலநிரல் முதல்நூல்; போனில் ஏறுவது வழிநூல். யாத்தல் என்றால் கட்டுதல். எலும்பும் தசையும் நரம்பும் கூட்டிக் கட்டியதால்தான் உடம்பு யாக்கை. யாறு ஆறானது போல யாக்கை ஆக்கையும் ஆகும். செயலுக்கு யாத்தல், விளைவுக்கு யாப்பு, ஏற்பாட்டுக்கு யாப்பமைவு.

– தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சை

----

> விளைவுக்கு யாப்பு

ஐயா, வணக்கம். ஒரு பழைய போனுக்கு ஆண்ட்ராய்டு பில்டைப் பராமரிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தச் சொல்லை நாங்கள் வினையாகத்தான் அதிகம் பயன்படுத்துகிறோம். பில்டு ஓடுகிறது, பில்டு உடைந்துவிட்டது, மாறியதை மட்டும் மறுபடி பில்டு பண்ணு. 'யாத்துக்கொண்டிருக்கிறது' என்று திரையில் வந்தால் மாணவர் வெண்பாவைத் தேடுவார். 'கட்டு' எல்லா வடிவத்திலும் நிற்கிறது: கட்டினேன், கட்டும்போது பிழை, திரும்பக் கட்டு.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் எழுதிய 'மேக்' என்ற பில்டு கருவி, எந்தக் கோப்பு எதைவிடப் புதியது என்று நேரத்தை ஒப்பிட்டு, பழசாகிப்போனதை மட்டும் மறுபடி ஆக்கும். ஆண்ட்ராய்டும் அதில்தான் தொடங்கியது. மேக் கோப்புகள் பெருகி வேகம் குறைந்ததால் 2016இல், ஆண்ட்ராய்டு 7.0இல், 'சூங்' என்ற புதிய கருவி வந்தது. அதன் அறிவிப்புக் கோப்பான பிபி கோப்பில் இந்தக் கூறுக்கு என்ன பெயர், எந்த மூலக் கோப்புகள், எதெல்லாம் வேண்டும் என்று அறிவித்தால் போதும்; தொடக்கத்தில் நிபந்தனைக்கே இடம் இல்லை, அந்தத் தர்க்கமெல்லாம் 'கோ' என்ற நிரல்மொழியில் இருந்தது. சூங் அவற்றைப் படித்து, 'நிஞ்சா' என்ற இன்னொரு கருவிக்கான கட்டளைகளை எழுதித் தரும், நிஞ்சா ஓட்டும். இடையில் 2020இல் 'பேசல்' என்ற வேறொரு பில்டு கருவிக்கு மாறப்போவதாக அறிவித்து, பின்னர் அதைக் கைவிட்டார்கள். கருவிகள் இப்படி மாறிக்கொண்டே இருக்கும். இத்தனைக்கும் சேர்த்து ஒரே பொதுப்பெயர் வேண்டும். ஆகவே 'கட்டுமான அமைப்பு' என்பேன்.

– பராமரிப்பாளர், சென்னை

----

'கட்டுமான அமைப்பு' என்றால் எங்கள் பிள்ளைகள் கட்டடத் தொழிலாளர் சங்கம் என்றே நினைப்பார்கள். சிஸ்டத்துக்கு இங்கே 'முறைமை' என்பது பாடநூலிலேயே நிலைத்துவிட்டது. இயங்குதளத்தையும் பணிசெயல் முறைமை என்றுதான் படிப்பிக்கிறோம். 'கட்டுமான முறைமை' என்றால் ஆட்சேபம் இல்லை.

ஆனால் வழிகாட்டியில் 'டிபென்டன்சி'யும், அதாவது ஒரு கூறுக்குத் தேவைப்படும் இன்னொரு கூறும், வருமே, அதற்கு என்ன? 'சார்பு' என்று போடவேண்டாம். கணிதத்தில் ஃபங்ஷனுக்கு அதுதான் சொல்.

– ஆசிரியர், யாழ்ப்பாணம்

----

அதற்கும் யாப்பில் இடம் உண்டு! நின்ற சீரின் ஈற்றசையோடு வரும் சீரின் முதலசை கட்டுப்படுவது தளை. ஒரு கூறு இன்னொன்றை வேண்டி நிற்பதும் தளைதான். தளை தட்டினால் யாப்பு கெடும். தாங்கள் சொல்லும் 'உடைந்துவிட்டது' அதுவே. 'கட்டுமானம்' எனக்கு ஒப்பவில்லை. '-மானம்' வடமொழி ஈறு என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு.

– தஞ்சை

----

ஐயா, வருமானம், தேய்மானம், பெறுமானம் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு எந்தக் கணக்குப் புத்தகத்தை எழுதுவது? ஈற்றின் பிறப்பு எதுவானாலும் இவை மக்கள் சொற்கள்.

தளை அழகான சொல்தான். ஆனால் அது அடுத்தடுத்த சீர்களுக்கு இடையே வருவது. இங்கே ஒரே நூலகத்தை நூற்றுக்கணக்கான கூறுகள் கேட்கும். அந்த உறவு கோடாகப் போகாது, வலையாக விரியும். தளை என்றதும் விலங்கு நினைவுக்கு வருவதும் உண்டு. 'சார்ந்த கூறு' என்று இரண்டு சொல்லாகப் போட்டால் கணிதத்தோடு மோதாது.

– சென்னை

----

அனைவருக்கும் நன்றி. நாளை அச்சுக்குப் போகவேண்டியிருப்பதால் இப்படி வைத்துக்கொள்கிறேன்: வினைக்குக் கட்டு, செயலுக்குக் கட்டுமானம், ஏற்பாட்டுக்குக் கட்டுமான முறைமை. விளைவுக்கு மட்டும் 'பில்டு' அப்படியே இருக்கட்டும். 'கட்டு எண்' என்றால் பணக்கட்டோ காகிதக்கட்டோ என்று தோன்றுகிறது. டிபென்டன்சிக்குச் 'சார்ந்த கூறு'. தனிமடலில் எழுதிய மூவரும் இதற்கே இசைந்தார்கள்.

– கோவை

----

விளைவுக்குத் தமிழ்ச் சொல் இல்லாமல் அச்சேற்றுவதை நான் ஏற்கவில்லை. பட்டியலில் 'யாப்பு' என்பதையும் மாற்றுச் சொல்லாகக் குறித்துவையுங்கள். தொகைவிரி பற்றித் தனி மடல் எழுதுகிறேன். தொகுத்த துண்டுகளை இணைக்கும் கருவியான இணைப்பானுக்கு அது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

– தஞ்சை