முகவரியில் பிஎச்பி நீட்சியை நீக்கியபோது எதிர்ப்பட்டவை

நான் பராமரிக்கும் ஒரு தளத்தில் எல்லாப் பக்கங்களின் முகவரிகளும், பிஎச்பி நிரல்மொழிக் கோப்புகளின் நீட்சியான டாட் பிஎச்பி என்றே முடிந்தன. அதை நீக்கித் தருமாறு உரிமையாளர் கேட்டார். சர்வரில் இயங்கும் வலை மென்பொருள் அப்பாச்சி. அதன் அமைப்பு விதிகளைக் கோப்புறைவாரியாக எழுதும் எச்டிஅக்சஸ் கோப்பில் இதற்கு இரண்டு விதிகள் வேண்டும். நீட்சியில்லாமல் வரும் கோரிக்கைக்கு, அதே பெயரில் பிஎச்பி கோப்பு இருக்கிறதா என்று பார்த்து அதை உள்ளுக்குள்ளேயே இயக்குவது ஒன்று. பழைய முகவரியில் வருபவரைப் புதியதற்குத் திருப்பிவிடுவது மற்றொன்று. முதல் விதியோடு நிறுத்திக்கொள்பவர்கள் பலர்; அப்போது ஒரே பக்கம் இரண்டு முகவரிகளிலும் திறக்கும்.

இரண்டையும் சேர்க்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. உள்ளே மாற்றி எழுதப்பட்ட பாதை மீண்டும் விதிகளின் தொடக்கத்துக்கே வந்துவிடுவதால், நீட்சியைக் கண்ட இரண்டாம் விதி அதை மறுபடியும் வெளியே அனுப்ப, உலாவி சுற்றிச் சுற்றி வந்து பிழைச்செய்தியோடு நின்றுவிடும். நிபந்தனையில் ‘தி ரிக்வெஸ்ட்’ என்ற மாறியைச் சோதித்ததும் இது தீர்ந்தது. உலாவி முதலில் அனுப்பிய வரியை அது அப்படியே வைத்திருக்கும், இடையில் நடக்கும் மாற்றங்கள் அதைத் தொடுவதில்லை.

அடுத்து, உள்நுழைவுப் படிவம் எந்தப் பிழையும் காட்டாமல் வெறுமையாகத் திரும்பிக்கொண்டிருந்தது. படிவம் பழைய முகவரிக்கே, தரவைச் சேர்த்து அனுப்பும் போஸ்ட் முறையில் அனுப்ப, 301 என்ற நிரந்தரத் திருப்பலில் உலாவி அதை, பக்கத்தை மட்டும் கேட்கும் கெட் முறைக்கு மாற்றிவிட, கடவுச்சொல் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. அதற்குப் பதிலாக 308 என்ற திருப்பல் எண்ணைக் கொடுத்தால் முறையும் தரவும் மாறாமல் போய்ச் சேரும். ஆனால் படிவத்தின் முகவரியைத் திருத்துவதே முறையான தீர்வு என்பது என் கருத்து. சோதித்து முடியும்வரை தற்காலிகத் திருப்பலான 302 போதும், ஏனெனில் 301-ஐ உலாவி நினைவில் வைத்துக்கொண்டு, விதியைத் திருத்திய பின்னும் பழைய இடத்துக்கே போகும்.

மறுமொழி:

நண்பர் விவரித்தது அப்பாச்சியின் போக்கு. எஞ்சின்எக்ஸ் என்ற மற்றொரு வலை சர்வர் மென்பொருளில் ஆபத்து வேறு வகையானது என்பதால் அதையும் இங்கே பதிகிறேன். எந்த முகவரியை எப்படிக் கையாள்வது என்று சொல்லும் பொதுவான லொகேஷன் பகுதிக்குள், கோப்புப் பெயர்களை வரிசையாகத் தேடிப் பார்க்கும் டிரை ஃபைல்ஸ் வரியின் நடுவில் நீட்சி சேர்த்த பெயரைக் கொடுத்த ஒரு சர்வரைச் சரிபார்க்க நேர்ந்தது. பக்கம் திறப்பதற்குப் பதிலாகக் கோப்பு பதிவிறங்கியது, திறந்து பார்த்தால் தரவுத்தளக் கடவுச்சொல் உட்பட மூல நிரல் முழுவதும் அதில் இருந்தது. அந்த வரியில் கடைசியாக உள்ளது மட்டுமே புதிய லொகேஷனைத் தேடிப் போகும். அதற்கு முன்னால் உள்ளவை பிஎச்பி இயக்கியைத் தொடாமல் வெறும் கோப்பாகவே அனுப்பப்படும். கடைசி இடத்தில் பெயரிட்ட லொகேஷன் ஒன்றை வைத்து, நீட்சியை அங்கே சேர்த்து மாற்றி எழுதிய பிறகு பக்கங்கள் ஒழுங்காக இயங்கின. கடவுச்சொல்லை அன்றே மாற்றச் சொல்லிவிட்டேன்.