'டாக் விசில்' – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

அரசியல் பேச்சில் 'டாக் விசில்' எனப்படுவதற்குச் சொல் தேவை. என் வரையறை: பொது அவைக்கு இயல்பாகப் படுவதும், ஒரு சாராருக்கு மட்டும் வேறு பொருள் தருவதுமாக வேண்டுமென்றே பேசுவது. 'நாய் ஊதல்' உதவாது. தமிழில் அது கேட்பவரை வைவதாகிவிடும்.

1980 ஆகஸ்ட் 3 அன்று மிசிசிப்பியின் நெஷோபா கவுண்டியில், அமெரிக்க அதிபர் வேட்பாளர் ரீகன் 'மாநிலங்களின் உரிமை'யில் நம்பிக்கை உண்டு என்றார். நிறப்பாகுபாட்டைக் காக்க 1948இல் பிரிந்துபோன தென்மாநில ஜனநாயகக் கட்சியினர் தம் கட்சிப் பெயரிலேயே வைத்திருந்த சொல் அது. கறுப்பினத்தவர் வாக்குரிமைக்கு உழைத்த மூவர் 1964இல் கொல்லப்பட்டதும் அதே கவுண்டியில்தான். வெறுமனே 'மாநில உரிமை' என்று பெயர்த்தால், நம் வாசகருக்கு தமிழகச் சட்டமன்றத்தின் 1974ஆம் ஆண்டு மாநில சுயாட்சித் தீர்மானம்தான் நினைவுக்கு வரும். பொருளே தலைகீழாகிவிடும்.

என் பரிந்துரை: மறைவிளி.

-----

> என் பரிந்துரை: மறைவிளி.

'மறை' வேண்டாம் ஐயா. வேதம் மறை, குர்ஆன் திருமறை, கத்தோலிக்கருக்கு மறைமாவட்டம். இந்தச் சொல் அதிகம் புழங்கப்போவது மதம் சார்ந்த அரசியலைப் பற்றிய கட்டுரைகளில், அங்கேயே குழப்பும். ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் வழங்கும் சொல்லைக் குறிக்கும் நன்னூலின் குழூஉக்குறி போதாதா? பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது போலத்தானே இதுவும்?

-----

போதாது. 'பறி' என்றால் வெளியாளுக்குப் புரியாது. ஏதோ மறைக்கிறார்கள் என்று உடனே ஐயப்படுவார். இங்கே வெளியாளுக்கும் முழுதாகப் புரிகிறது, ஆனால் வேறொன்றாக. சிலேடையும் ஆகாது. இரு பொருளையும் ஒருவரே கண்டு சுவைக்க வேண்டும் என்பதற்காகச் செய்வது சிலேடை.

'கரந்துரை' (மறைத்துச் சொல்வது) நல்ல சொல்தான். ஆனால் ஓரெழுத்து மாறினால், ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டை ஒளித்துவைக்கும் சித்திரகவியின் 'கரந்துறை'. பிழைதிருத்தியோ 'கருத்துரை' ஆக்கிவிடும். ஆகவே கரவு (மறைப்பு) + அழைப்பு = கரவழைப்பு. கதவடைப்பு போன்ற புணர்ச்சிதான், நாவில் எளிதாக வரும். 'கரவழைப்பு விடுத்தார்', 'கரவழைப்புச் சொல்', 'கரவழைப்பு அரசியல்' என்று எல்லா இடத்திலும் பொருந்துகிறது.

-----

கரவழைப்புக்கு என் ஒப்புதல். வரையறையில் ஒரு திருத்தம்: 'வேண்டுமென்றே' என்ற சொல்லை நீக்கிவிடுங்கள். ரீகன் அப்படிக் கருதித்தான் பேசினாரா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பேசியவர் மனத்தை அகராதி அளக்க முடியாது. அச்சொல்லின் முந்தைய வழக்கு, பேசிய இடம், கேட்ட கூட்டம் ஆகியவற்றைத்தான் காட்ட முடியும். எனவே இப்படி:

கரவழைப்பு (பெ.): பொது அவைக்கு இயல்பான பொருளும், ஒரு சாராருக்கு முன்வழக்கால் வேறு பொருளும் தந்து, கேள்வி எழுந்தால் மறுத்து விலக இடம் வைக்கும் அரசியல் சொல்லாடல்.