கிராபிக்ஸ் கார்டும் டிரைவர் ஆதரவும்: பயன்படுத்தியவர்களின் அனுபவங்கள்

கிராபிக்ஸ் கார்டு வாங்கும்போது பெரும்பாலோர் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படச்சட்டங்கள்) அட்டவணையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அந்த எண்கள் கார்டு வெளிவந்த வாரத்து டிரைவரில், அதாவது கார்டை இயக்கும் மென்பொருளில், எடுக்கப்பட்டவை. ஐந்தாறு ஆண்டுகள் கழித்துப் புதிய கேம் ஒன்றை அதே கார்டில் ஓட்டினால் என்னவாகும் என்பதற்கு அவற்றில் விடை இருக்காது. நிறுவனம் எதுவரை டிரைவர் தருகிறது என்பதையே நான் முதலில் விசாரிக்கிறேன்.

இதற்கு நான் காட்டும் சான்று, 2015 ஜூனில் சில வார இடைவெளியில் வெளிவந்து நேருக்கு நேர் போட்டியிட்ட இரண்டு கார்டுகள்: என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 980 டிஐ, ஏஎம்டியின் ஃபியூரி எக்ஸ். ஃபியூரி எக்ஸ் சேர்ந்த தலைமுறையை ஏஎம்டி 2021 ஜூனில் பழைய வரிசைக்கு மாற்றி, விண்டோஸில் புதிய கேம்களுக்கான மேம்பாட்டை நிறுத்திவிட்டது. 980 டிஐக்கோ 2025 அக்டோபர் வரை, புதிய கேம்களுக்கென மேம்படுத்திய கேம் ரெடி டிரைவர் வந்தது. 2028 அக்டோபர் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்றும் என்விடியா அறிவித்திருக்கிறது. என் 980 டிஐயைப் பின்னாளில் தம்பிக்குக் கொடுத்தேன். அவன் அதில் புதிதாக வந்த கேம்களையும், அமைப்புகளைக் குறைத்துக்கொண்டு, தயக்கமின்றி விளையாடினான்.

*

980 டிஐ பற்றி எழுதியவர் சொல்வது விண்டோஸைப் பொறுத்தவரை சரி. நான் லினக்ஸில் விளையாடுகிறவன். இங்கே கணக்கு தலைகீழாகிவிடுகிறது. ஏஎம்டி கார்டுகளுக்கான டிரைவர், லினக்ஸின் மையமான கெர்னலிலும் வரைகலை நூலகமான மெசாவிலும் திறந்த மூலமாக இருப்பதால், நிறுவனம் ஒதுங்கிக்கொண்ட பிறகும் மற்றவர்கள் அதைப் பராமரிக்க முடிகிறது. கேம்கள் கார்டோடு பேசும் வல்கன் இடைமுகத்துக்கான ரேட்வி என்னும் டிரைவருக்கு, ஸ்டீம் கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் ஆதரவில் உழைப்பவர்கள் செய்திருக்கும் பணி சாதாரணமானதல்ல. 2012 காலத்து ஏஎம்டியின் முதல் ஜிசிஎன் தலைமுறைக் கார்டுகளைக்கூட, கெர்னல் 6.19 பழைய ரேடியான் டிரைவரிலிருந்து ஏஎம்டிஜிபியு டிரைவருக்கு மாற்றியிருக்கிறது. அதனால் அவற்றிலும் வல்கன் தானாகவே வேலை செய்கிறது. பத்தாண்டுக்கு மேல் பழைய கார்டுக்கு இப்படி ஒரு கவனிப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை.

என் ஆர்எக்ஸ் 580ஐப் புதிய கணினிக்கு மாற்றியபோது டிரைவர் என்று தனியாக எதையும் நிறுவவில்லை. ஸ்டீமைத் திறந்து, கேமைத் தரவிறக்கி, உடனே விளையாட ஆரம்பித்தேன். என்விடியாவும் 2022இல் தன் கெர்னல் பகுதியைத் திறந்த மூலமாக்கியது, ஆனால் அது டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் மட்டுமே. அதற்கு முந்தைய பாஸ்கல் தலைமுறைக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு 580 வரிசை டிரைவரே கடைசி. நுவோ என்னும் மாற்று டிரைவரால், என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் இல்லாமல், அந்தக் கார்டுகளின் கடிகார வேகத்தை உயர்த்த முடிவதில்லை.

*

இருவரும் இன்டெலைத் தொடவில்லை. 2022 அக்டோபரில் ஆர்க் ஏ750, ஏ770 வெளிவந்தபோது, விண்டோஸின் பழைய வரைகலை இடைமுகமான டைரக்ட்எக்ஸ் 9இல் எழுதிய கேம்களை டைரக்ட்எக்ஸ் 12க்கு மொழிபெயர்த்தே அவை ஓட்டின. ஆகவே பழைய கேம்கள் தடுமாறின. அடுத்த சில மாதங்களில் வந்த டிரைவர்கள் அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தன, அதுவும் வன்பொருளில் எந்த மாற்றமும் இல்லாமலே. எனினும் கார்டின் நினைவகம் முழுவதையும் ப்ராசசர் ஒரேயடியாக அணுக உதவும் ரீசைசபிள் பார் வசதி இல்லாத மதர்போர்டில் ஆர்க் கார்டைப் பொருத்த நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

டிரைவர்களை ஒப்பிடுவோருக்கு ஒரு வேண்டுகோள்: புதிய டிரைவர் நிறுவியதும் சேமிக்கப்பட்ட ஷேடர்கள் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) செல்லாமல் போய், கேம் அவற்றை மீண்டும் தொகுக்கிறது. அப்போது வரும் திக்கலை வைத்து டிரைவரைக் குறை சொல்வது நியாயமல்ல. அதே காட்சியை மறுபடி ஓட்டிய பிறகே எண்களைக் குறியுங்கள்.

ஒருமுறை ஒரு புதிய டிரைவரை நிறுவிய அன்று, விளையாட்டின் நடுவே திரை கறுத்து, டிரைவர் பதிலளிக்காமல் நின்று மீண்டது என்ற அறிவிப்பு வந்தது. கார்டு இரண்டு நொடிகளுக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் தானே டிரைவரை மீட்டமைக்கும் ஏற்பாடு அது. இணைய இணைப்பைத் துண்டித்தேன், இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் தனக்குப் பிடித்த பதிப்பை உள்ளே திணித்துவிடும். பிறகு சேஃப் மோடில் டிடியு என்னும் டிரைவர் நீக்கும் கருவி மூலம் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முந்தைய டிரைவரை நிறுவினேன். சிக்கல் அதோடு தீர்ந்தது. இப்போதெல்லாம் நன்றாக ஓடும் டிரைவரின் நிறுவல் கோப்பை அழிப்பதில்லை. புதிய பதிப்பின் குறிப்பில், அறியப்பட்ட சிக்கல்களின் கீழ் நான் விளையாடும் கேமின் பெயர் இருந்தால், அடுத்த பதிப்பு வரும்வரை காத்திருக்கிறேன்.